எனக்கு இருக்கும் நெஞ்சுவலி

இன்று திருச்சுழி பஸ்ஸில் முன் சீட்டில் இருந்த எங்கள் ஊர் அத்தை திரும்பிப் பார்த்து, "நெஞ்சுவலி தேவலையாய்யா?" என்றார்.

எனக்கு எந்த வலியும் இல்லை. தாலுகா ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். அவ்வளவுதான்.

"மெடிக்கல் லீவு முடியுறதுக்குள்ள புள்ளைக்குச் சொகமாயிரணும்னு ஒங்கம்மா கோயில்ல நின்னு அழுதாக," என்றவர், முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை என் நெற்றியில் பூசினார்.

ஊரில் சொல்ல, வேலையை விட்டதைவிட நோய் அம்மாவுக்குக் கௌரவமாகப் பட்டிருக்கிறது.

என் படங்கள் வந்த முதல் புத்தகம் பையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டவில்லை. நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "கொஞ்சம் தேவலை அத்தை," என்றேன்.

பிடித்த வேலைக்காக இருந்த வேலையை விட்டவர்களே, உங்கள் வீட்டில் உங்களுக்கு என்ன நோய்?