கரகரக்கும் பெட்டி

கைபேசி பழுது பார்க்கும் கடையில் ஈயம் உருகும் வாசனை வந்ததும், மேற்குத் தாம்பரத்தில் அப்பா வைத்திருந்த கேசட் ரெக்கார்டிங் கடைக்குள் மனம் போய் நின்றது. சாலையை அகலப்படுத்தியபோது இடிபட்ட கடை அது. முன்னால் அம்மா நாள் முழுக்கப் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டிருக்க, பின்னால் அப்பா ஒரு வருஷமாகப் புது ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். கடையிலிருந்த பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் குரல் உச்சத்துக்குப் போனால் லேசாகக் கரகரக்கும். அதைப் போக்கத்தான் அத்தனை பாடு.

"எவனுக்கு அந்த வித்தியாசம் தெரியப்போவுது மச்சான்?" என்று நண்பர்கள் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வேலை முடிந்த அன்று மத்தியானம், அம்மாவைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, சத்தத்தை ஒரே அளவில் வைத்து, ஒரே பாட்டை இரண்டு பெட்டியிலும் பத்து முறை மாற்றி மாற்றிப் போட்டு, எது நல்லா இருக்கு என்று கேட்டார். பத்து முறையும் அம்மா ஒரே பெட்டியைத்தான் சொன்னாள்.

"இதான் நல்லா கீது. பக்கத்துல குந்திகினு பாடுற மாதிரி. இன்னொண்ணு சுத்தமா கீது, ஆனா எங்கியோ தூரத்துல கீது."

அவள் நல்லதென்றது பழைய பெட்டியை. அப்பாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவரோ சிரித்தார்.

"பத்து வாட்டியும் கண்டுபுடிச்சிட்டியே. அப்போ வித்தியாசம் காதுக்குத் தெரியுது. எனக்கு அது போதும்."

அதற்குப் பிறகு கடையில் இருவரில் யார் உட்கார்ந்தாலும் அவரவருக்குப் பிடித்த பெட்டிதான் பாடும். பள்ளிவிட்டு வரும்போது, தெருமுனையில் கேட்கும் பாட்டு கரகரக்கிறதா என்பதை வைத்தே உள்ளே இருப்பது அம்மாவா அப்பாவா என்று நான் சொல்லிவிடுவேன்.