யானைக்கு மணத்த தேசிக்காய்

லண்டனுக்கு வந்த நாள் தொடக்கம் என்ரை மகன் வாங்கின ஒவ்வொரு காருக்கும் தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், வைச்சது நான்தான். நாலு சில்லுக்கும் நாலு. ஒரு காரும் ஒரு இடத்திலும் முட்டினதில்லை. மருமகள் பார்த்துச் சிரிப்பா. சிரிக்கட்டும்.

போன வருசம் மகன் என்னையும் மருமகளையும் ஆபிரிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கை வாடகைக்குக் கார் எடுத்து, காட்டுக்குள்ளை நாங்களே ஓட்டித் திரியலாமாம். ஆரோ ஓடின கார், தெரியாத காடு. சும்மா விடுவனோ? முதல்நாள் கடையிலை ஏழு தேசிக்காய் வாங்கினன். விடிய எழும்பி நாலு சில்லடியிலும் வைச்சன். மகன் கவனியாமல் நசிச்சுக்கொண்டு வெளிக்கிட்டான். மிச்சம் மூண்டும் என்ரை கைப்பைக்குள்ளை.

காட்டு வாசலிலை காவல்காரர் மறிச்சு ஏதோ கேட்டார். தோடம்பழம், தேசிக்காய் எண்டு புளிப்புப் பழம் ஒண்டும் உள்ளை கொண்டு போகக் கூடாதாம், யானை மணந்துகொண்டு வருமாம் எண்டு மருமகள் திரும்பி எனக்குச் சொன்னா. உங்களிட்டை இருக்கோ மாமி எண்டும் கேட்டா. அந்த மனுசனுக்கு முன்னாலை அவ சிரிக்கிறதை நான் பார்க்கோணுமே? இல்லையெண்டிட்டன்.

தண்ணிக் குட்டையடியிலை நிண்ட மற்றக் கார்களோடை எங்கடையையும் நிப்பாட்டி எஞ்சினை அணைச்சுப்போட்டு இருந்தம். வரிக்குதிரைகள் வரிசையாய் நிண்டு குடிச்சுதுகள். காட்டுப்பண்டியொண்டு முழங்கால் மடிச்சுக் குடிச்சுது. திடீரெண்டு எல்லாம் தலையைத் தூக்கி, விலகி வழி விட்டுதுகள்.

ஒற்றை யானை. ஒரு கொம்பு பாதியிலை முறிஞ்சிருந்தது. ஆறுதலாய்க் குடிச்சுது. பிறகு தும்பிக்கையை உயர்த்தி எங்கடை பக்கம் நீட்டிச்சுது. நேரே வந்துது.

மகன் சாவியிலை கை வைச்சான். இவ்வளவு கிட்ட வந்த பிறகு எஞ்சின் சத்தம் கேட்டால் வெருளும் எண்டு மருமகள் தடுத்தா. அது முன்சில்லை மணந்துது. பிறகு நான் இருந்த பக்கத்துப் பின்சில்லை. கார் ஒருக்கால் ஆடிச்சுது. வெளியிலை இருந்த பக்கக் கண்ணாடி மடங்கித் தொங்கிச்சுது. கடைசியாய் என்ரை யன்னலிலை தும்பிக்கை நுனி வந்து ஒட்டிச்சுது. அதின்ரை மூச்சுப் பட்டு யன்னல் புகைஞ்சு போச்சு.

"இவ்வளவு கார் நிக்க, ஏன் எங்கடையை மட்டும் சுத்துது?" எண்டு மகன் குசுகுசுத்தான்.

எனக்குத் தெரியும். கைப்பையை மடியிலை இறுக்கிக்கொண்டன். முன்சீற்றிலை இருந்த மருமகள் கையைப் பின்னாலை நீட்டி என்ரை முழங்காலைப் பிடிச்சா.

"பயப்பிடாதேங்கோ மாமி. நான் இருக்கிறன்."

அதுக்குப் பிறகு எப்படி மறைக்கிறது?

"பிள்ளை, என்ரை பைக்குள்ளை தேசிக்காய் கிடக்கு. சில்லுக்கும் வைச்சனான்."

மகன் கண்ணை மூடினான். மருமகள் பையை மெல்ல வாங்கி, சாப்பாடு வைச்சிருந்த ஐஸ் பெட்டிக்குள்ளை தள்ளி மூடினா. யானை காதை விரிச்சுக்கொண்டு அப்பிடியே நிண்டுது. எவ்வளவு நேரமோ. குட்டையின்ரை அங்காலைப் பக்கம் வேறை யானைகள் பிளிறின பிறகுதான் திரும்பிச்சுது. நல்லாய்த் தூரம் போகவிட்டுத்தான் மகன் காரை எடுத்தான்.

வாசலிலை இறங்கி, மூண்டு தேசிக்காயையும் நானே காவல்காரரின்ரை கையிலை குடுத்தன். இது என்னத்துக்கு எண்டு அவர் கேட்டார் போலை. மருமகள் சில்லைக் காட்டி இங்கிலீசிலை விளங்கப்படுத்தினா. அந்த மனுசன் வயிறு குலுங்கச் சிரிச்சார். அவ சிரிக்கேல்லை.

கார் ஒண்டிலும் முட்டேல்லைத்தானே எண்டு நான் மகனுக்குச் சொன்னன், தொங்கின கண்ணாடியைப் பாராமல்.