கசப்புச் சாக்லேட்டும் என் இரும்பு மாத்திரையும்

முதல் அறிகுறி பச்சரிசி. இரண்டாவது கர்ப்பத்தின் நாலாவது மாதம் அது. அரிசி டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மெல்லத் தொடங்கினேன். மசக்கை என்று நினைத்தேன். பத்து நாளில் ஒரு பிடி ஒரு கிண்ணமானது. மூன்று வயது மகன் கவின், "அப்பா, அம்மா எலி மாதிரி கடிக்குது" என்று சொன்னபோதுதான் வெட்கம் வந்தது. பின்னாலேயே பயமும்.

செங்கல்பட்டில் நாங்கள் வழக்கமாகப் போகும் சிறிய மகப்பேறு மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் (ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருள்) எட்டு. கர்ப்பிணிக்குக் குறைந்தது பதினொன்று வேண்டும். இரும்புச் சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை என்று டாக்டர் எழுதினார். பச்சரிசி, சாக்பீஸ், மண் என்று தின்னத் தோன்றுவதும் அதன் அடையாளங்களில் ஒன்றாம்.

டாக்டர் சுருக்கமாகப் பேசும் பெண்மணி. கவினின் பிரசவத்தைப் பார்த்தவரும் அவர்தான்.

"போன தடவை என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

மறக்க முடியுமா? குழந்தை பிறந்த பிறகும் ரத்தப்போக்கு நிற்கவில்லை. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். என் பிள்ளையின் முகத்தை மூன்றாம் நாள்தான் சரியாகப் பார்த்தேன்.

"அதே மாதிரி மறுபடி ஆச்சுன்னா, இழக்கறதுக்கு உங்க உடம்புல ரத்தம் இல்ல. முப்பத்தாறாவது வாரத்துக்குள்ள பத்து வரணும். வரலன்னா நான் இங்க வச்சிப் பார்க்க மாட்டேன். மெட்ராஸுக்கு அனுப்பிடுவேன். அங்க முன்னாடியே ரத்தம் ஏத்துவாங்க."

மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் ஒன்று, காலை பதினொரு மணிக்கு. சொன்னதைச் செய்கிற ரகம் நான். பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவள். வீட்டுப்பாடம் எழுதாமல் வரும் பிள்ளைகளை எனக்குப் புரிந்ததே இல்லை. ஆனால் அந்த மாத்திரை வாயில் துருப்பிடித்த ஆணியைப் போலச் சுவைத்தது. விழுங்கிய அரை மணியில் குமட்டல் வரும். இரண்டு நாள் வாந்தியோடு மாத்திரையும் வெளியே வந்துவிட்டது. திரும்பப் போடலாமா, போட்டால் அளவு மீறிவிடுமா என்று மதியம் வரை யோசித்துக்கொண்டே இருந்தேன்.

இந்த நேரத்தில்தான் மின்ஜி அம்மாவின் சாக்லேட் வந்தது.

என் கணவர் சேகர் மறைமலைநகர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கொரியத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இரண்டாயிரத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் அப்படிப் பல வந்தன. அவருடைய மேலாளரின் குடும்பம் கடல் பார்க்க வேண்டும் என்பதற்காக மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் வாடகைக்கு வீடு எடுத்திருந்தது. மேலாளரின் மனைவிக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்க என்னைக் கேட்டார்கள். வாரத்தில் மூன்று நாள் காலையில் கம்பெனி கார் வந்து, கவினையும் என்னையும் திருக்கழுக்குன்றம் வழியாக அழைத்துப் போகும். அவர்கள் ஊரிலும் ஒரு பெண்ணைப் பிள்ளையின் பெயரோடு சேர்த்து அம்மா என்றுதான் அழைப்பார்களாம். அதனால் எனக்கு அவர் மின்ஜி அம்மா. அவருக்கு நான் டீச்சர். நாங்கள் பேசியதெல்லாம் அரைகுறை ஆங்கிலத்தில்; இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவர் சமையலறையில் ஓர் அலமாரி இருந்தது. ஒருநாள் அதைக் காட்டியே இறந்தகாலம் சொல்லிக்கொடுத்தேன்.

"இது போன வருஷம் குடித்தோம்" என்று கருப்பு வினிகர் பாட்டிலைத் தொட்டார். "இது அதற்கு முந்தைய வருஷம் தின்றோம்" என்று கருப்பு மொச்சை மாதிரி ஏதோ ஒன்றின் பொடியைத் தொட்டார். வெங்காயச் சாறு அடைத்த பைகள் ஒரு பெட்டி நிறைய. எல்லாமே பாதியில் நின்றிருந்தன.

"இந்த வருஷம்?"

"இந்த வருஷம் சாக்லேட்!" என்று சிரித்தார்.

அவர் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. சியோலில் அப்போது எந்தப் பெண்ணின் கைப்பையைத் திறந்தாலும் கசப்புச் சாக்லேட் இருக்குமாம். அதன் பெட்டியில் பெரிதாக ஓர் எண் இருக்கும். எத்தனை சதவீதம் கொக்கோ என்று. நாம் பிள்ளைகளின் மார்க்கைப் பேசுவதுபோல அந்த எண்ணைப் பேசுவார்களாம். தங்கை எழுபதில் இருக்கிறாள், நாத்தனார் தொண்ணூற்றொன்பதுக்குப் போய்விட்டாள். மாமியார் ரத்த அழுத்தத்துக்காக, தங்கை இளைப்பதற்காக, பக்கத்து வீட்டுப் பெண் பரீட்சைக்காக. ராத்திரி தொலைக்காட்சியில் ஒரு நிபுணர் ஒரு பொருளைச் சொன்னால் மறுநாள் காலை கடையில் அது தீர்ந்துவிடுமாம். அந்தச் சாக்லேட்டை ஒருமுறை தின்று பார்த்தேன். அடிப்பிடித்த காப்பி டிகாக்‌ஷன் கட்டியானது போலிருந்தது.

உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். ஆனால் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் நான் ஒட்டியிருந்த வார இதழ்த் துண்டுகளை நினைத்தால் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. பீட்ரூட், பேரீச்சை, தேனில் ஊறிய நெல்லி, முருங்கைக்கீரைப் பொடி. எல்லாம் பாதியில் நின்றவை.

"டீச்சர், முகம் வெள்ளை, நகம் வெள்ளை" என்றார் மின்ஜி அம்மா. நான் விஷயத்தைச் சொன்னேன். உடனே பெட்டியைத் திருப்பி, கொரிய எழுத்தில் இருந்த அட்டவணையில் ஒரு வரியை விரலால் காட்டினார். "இரும்பு. இதில் இரும்பு இருக்கிறது." மூன்று பெட்டிகளை என் பையில் வைத்தார். அவருடைய தங்கை, ஊரிலிருந்து வந்த யாரோ ஒருவரிடம் கொடுத்தனுப்பியவை.

வீட்டில் சேகரிடம் கேட்டேன். "சாப்பிடலாமாங்க?"

"சாக்லேட்டுதானே? மேனேஜர் வீட்டம்மா ஆசையா குடுக்கறாங்க. வேணாம்னு திருப்பிக் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

மறுநாள் மாத்திரையை விழுங்கியதும் ஒரு துண்டைக் கடித்தேன். துருவின் சுவை கசப்பில் மறைந்தது. குமட்டலும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. மாத்திரையில் இரும்பு, சாக்லேட்டிலும் இரும்பு. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏழு சில்வர் காகிதங்களை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரை, ஒரு துண்டு என்று மடித்து ஃபிரிட்ஜில் அடுக்கினேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. மலம் கருப்பாகப் போனது. மருந்து வேலை செய்கிறது என்றே நம்பினேன்.

எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தார்கள். ஏழு புள்ளி ஒன்பது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மாத்திரை போடறீங்களா, இல்லையா?"

"தினமும் போடறேன், டாக்டர்."

"எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. குமட்டுதுன்னு தூக்கிப் போட்டுட்டு என்கிட்ட வந்து தலையாட்டுவாங்க."

பக்கத்தில் நின்ற நர்ஸ், "மெய்யாலுமே சொல்லும்மா, டாக்டரம்மா திட்ட மாட்டாங்க. வயித்துல புள்ளைய வச்சிகினு பொய் சொல்லாத" என்றார்.

என் முகம் சுட்டது. வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னைச் சொன்னதைச் செய்யாதவள் என்று சொன்னதில்லை. கைப்பையில் அன்றைய பொட்டலம் இருந்தது; மருத்துவமனையில் தாமதமானால் பதினொரு மணி தவறிவிடக் கூடாதே என்று எடுத்து வந்திருந்தேன். அதை மேசையில் வைத்துப் பிரித்தேன். "பாருங்க டாக்டர். ஒவ்வொரு நாளும் இப்படிக் கட்டி வச்சுப் போடறேன்."

மே மாதம். சாக்லேட் முழுக்க உருகியிருந்தது. அதன் நடுவில் மாத்திரை, சேற்றில் விழுந்த பொத்தானைப் போலப் பாதி புதைந்து கிடந்தது.

டாக்டர் பேனாவின் நுனியால் அதைத் தொட்டுப் பார்த்தார். "என்ன இது?"

"சாக்லேட். கருப்பு. இரும்புச் சத்து நிறைய இருக்காம்."

"ரெண்டையும் சேர்த்தா சாப்பிடறீங்க? எத்தனை நாளா?"

"எட்டு வாரமா."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்து வட்டம் வரைந்து, இதுதான் குடல் என்றார். டீ, காப்பி, கொக்கோ மூன்றிலும் பாலிஃபீனால் (தாவரங்களில் துவர்ப்பும் கசப்பும் தரும் ஒருவகைப் பொருள்) உண்டு. அது இரும்பைப் பிடித்துக்கொள்ளும். குடல் உறிஞ்சுவதற்கு முன்பே வெளியே கொண்டுபோய்விடும். பாலும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும்கூட இரும்பைத் தடுக்கும். சாக்லேட்டில் இரும்பு இருப்பது உண்மைதான். ஆனால் உடம்புக்குள் போவது கொஞ்சம்தான்.

"சாக்லேட் மேல தப்பில்ல. சாப்பிட்ட நேரம்தான் தப்பு. மாத்திரைக்கு முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு மணி நேரம் இதெல்லாம் கூடாது. எலுமிச்சம்பழச் சாறோட போடுங்க. குமட்டினா ராத்திரி படுக்கும்போது போடுங்க." கொஞ்சம் நிறுத்தி, "எதோட போடறீங்கன்னு நானும் கேட்டிருக்கணும்" என்றார்.

அன்று சேகரும் கூட வந்திருந்தார்; ஆட்டோவில் திரும்பினோம். கொளவாய் ஏரி தாண்டியதும், "நான்தான் சாப்பிடச் சொன்னேன்" என்றார்.

"கையால மடிச்சுக் கட்டினது நான்தானே" என்றேன்.

எட்டு வாரம் போய்விட்டது. முப்பத்தாறுக்குப் பத்தே வாரம் மிச்சம்.

மின்ஜி அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று மூன்று நாள் தயங்கினேன். சொல்லாவிட்டால் இன்னும் பெட்டிகள் வரும். கடைசியில் ஒரு கடிகாரம் வரைந்து, மாத்திரை எங்கே, சாக்லேட் எங்கே என்று குறித்துக் காட்டினேன். புரிந்ததும் அவர் முகம் என் நகத்தைவிட வெளுத்துவிட்டது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு "மன்னியுங்கள் டீச்சர், மன்னியுங்கள்" என்றார். அவர் அழ, என்னவோ ஏதோ என்று கவினும் அழுதான்.

அதற்குப் பிறகு அவர் எதைக் கொடுத்தாலும் முதலில் ஒரு கேள்வி: "டாக்டர் ஓகே?" ஒரு வாழைப்பழத்துக்குக்கூட.

ஒருநாள் பாடம் முடிந்து கரையில் நடந்தோம். ஒதுங்கிக் கிடந்த கடற்பாசியை மின்ஜி அம்மா குனிந்து குனிந்து எடுத்துப் பார்த்தார். அவர்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குப் பாசி சூப்தான் முதல் சாப்பாடாம். மீன்கூடையோடு வந்த ஒரு பெண்மணி நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, இத்தப் போயி பொறுக்கிகினு கீறாங்க?"

"அவங்க ஊர்ல புள்ள பெத்தவங்களுக்கு இதுல சூப் வைப்பாங்களாம்."

"அய்ய! வலையில இது மாட்டினா எங்க வூட்டுக்காரரு திட்டிகினே பிச்சிப் போடுவாரு. நீ சுறாப்புட்டு துன்னும்மா, பாலு ஊறும். அந்தம்மாவுக்கும் சொல்லு."

நான் மொழிபெயர்த்தேன். மின்ஜி அம்மா கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். "சுறா," என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். "டாக்டர் ஓகே?" அன்று சிரித்த சிரிப்பில் வயிற்றுக்குள் குழந்தை உதைத்தது.

எலுமிச்சம்பழச் சாறோடு போட்ட மாத்திரை மறுபடி குமட்டியது. பத்து நாள் தாங்கிவிட்டு, படுக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டேன். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் அரிசி களைந்து உலையில் போட்ட பிறகுதான், இன்று ஒரு அரிசியும் வாய்க்குப் போகவில்லை என்று உறைத்தது. முப்பதாவது வாரம் எட்டு புள்ளி ஒன்பது. முப்பத்தைந்தில் பத்து புள்ளி இரண்டு. தாளைக் கொடுத்த நர்ஸ், "இப்பதான் கரெக்டா கீது" என்றார்.

செங்கல்பட்டிலேயே மகள் பிறந்தாள். இந்த முறையும் ரத்தம் போனது, ஆனால் நின்றது. ஏற்ற வேண்டியிருக்கவில்லை. பத்தாவது நிமிடத்தில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

உங்களுக்கும் ரத்தசோகை என்று எழுதிக் கொடுத்திருந்தால், நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். டாக்டரிடம் போகும்போது என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதோடு, எதை எதோடு சாப்பிடுகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அன்போடு யாரோ கொடுத்தது, சின்னது, சொல்லவே கூச்சமானது என்று எதையும் விட்டுவிடாதீர்கள். மற்றவற்றை உங்கள் டாக்டர் சொல்லட்டும். என் உடம்புக்குச் சரியானது உங்களுக்கும் சரி என்று எழுத எனக்குத் துணிவில்லை.

மகளுக்கு இப்போது ஐந்து மாதம். மாத்திரை தொடர்கிறது, குமட்டல் போய்விட்டதால் மறுபடி காலை பதினொரு மணிக்கு. முன்பெல்லாம் உடம்பு எனக்கு ஒரு பாத்திரம். குறைந்தால் ஊற்ற வேண்டும், நல்லது என்று யார் எதைச் சொன்னாலும் ஊற்ற வேண்டும், ஊற்றாமல் ஒரு நிமிடம் சும்மா இருந்தாலும் குற்றம். இப்போது பதினொன்று முதல் ஒன்றுவரை வாயில் எதையும் போடுவதில்லை. முதல் வாரங்களில் அந்த இரண்டு மணி நேரம் நகரவே நகராது. இன்று அப்படி இல்லை. மகளை மடியில் போட்டுப் பால் கொடுக்கிறேன். வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. என்னைக் கேட்காமல், அவசரப்படாமல், எங்கள் இருவருக்குமாக. கடிகாரத்தைப் பார்க்கும்போது சில நாள் மணி ஒன்றரை ஆகியிருக்கிறது.