முப்பதாம் தேதிக் கரும்பு

எண்பதுகளின் கடைசியில் எங்கள் பக்கத்துச் சர்க்கரை ஆலைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. அதுவரை யார் கரும்பை எப்போது வெட்டுவது என்ற பட்டியலை இரண்டு குமாஸ்தாக்கள் மாதவாரிப் பதிவேட்டைப் புரட்டி எழுதுவார்கள். முதலில் நட்டவருக்கு முதல் கட்டிங் ஆர்டர். ஆர்டர் இல்லாமல் வெட்டினால் ஆலை எடுக்காது. அந்த வேலையைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. பாகூர்ப் பக்கத்தில் புரோகிராம் எழுதும் சி மொழி தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற கொழுப்பு வேறு.

சி மொழியோடு ஒரு நூலகம் வரும். அடிக்கடி தேவைப்படும் சில்லறை வேலைகளை யாரோ முன்பே எழுதிச் சேர்த்துவைத்த தொகுப்பு அது. ஒரு சொல்லின் நீளத்தை அளக்க ஒன்று, இரண்டு சொற்களில் எது முந்தியது என்று சொல்ல ஒன்று, எல்லாவற்றையும் வரிசையாக அடுக்க ஒன்று. கடைசி இரண்டையும் சேர்த்து நடவுத் தேதிகளை அடுக்கிவிட்டேன். ஜனவரி மாதப் பக்கத்தை மட்டும் போட்டுப் பார்த்தேன், அச்சுப் பிசகாமல் வந்தது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அப்பா ஜனவரி முப்பதாம் தேதி நட்டிருந்தார். வெட்டுக் காலம் தொடங்கி, மார்ச்சில் நட்டவர்களுக்குக்கூட ஆர்டர் போயிற்று. அவருக்கு வரவில்லை. அவருக்கு முந்தின நாள் அடுத்த நிலத்தில் நட்ட பக்கத்துக் கொல்லைக்காரருக்கும் வரவில்லை. ஆலைக்குப் போய்க் கேட்கலாம் என்று அந்தக் கொல்லைக்காரர் அப்பாவைக் கூப்பிட்டாராம்.

"எம்புள்ள மெஷினுல போட்ட வரிசை. அதுல தப்பு வராதுபா, குந்து" என்று உட்காரவைத்துவிட்டார் அப்பா. என்னிடமும் கேட்கவில்லை. கேட்டால் மகனிடம் சலுகை கேட்டதாகிவிடுமாம். மனுஷருக்கு அப்படி ஒரு வீம்பு.

ஒரு நாள் ஆலை வாசலில் கரும்பு ஒன்றோடு வந்து நின்றார். உச்சியில் பூ எடுத்திருந்தது. ஒடித்துக் காட்டினார். உள்ளே சாறில்லாமல் பஞ்சாக வெளுத்திருந்தது.

"ஒண்ணுமில்லடா. எப்ப வரும்னு மட்டும் சொல்லு."

உள்ளே ஓடிப் பட்டியலைப் பார்த்தேன். 02-03 மேலே இருந்தது, 30-01 அடியில் கிடந்தது. அந்த நூலகத்து ஒப்பீட்டுக்குத் தேதி என்றால் என்னவென்று தெரியாது. இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாகத்தான் பார்க்கும்; மூன்றுக்கு முன்னால் பூஜ்யம், அவ்வளவுதான் அதன் கணக்கு. சி மொழிப் புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. வருஷத்தையும் மாதத்தையும் முன்னால் வைத்திருந்தால் போதும். பதிவேட்டில் எழுதுகிற பழக்கத்தில் நாளை முன்னால் வைத்தவன் நான்.

வெளியே வந்து, "தப்பு எம்மேலதாம்பா, மெஷினு மேல இல்ல" என்றேன். அழுகை வந்துவிட்டது.

அப்பா அக்கம்பக்கம் பார்த்தார். "அத யாராண்டயும் சொல்லாத. மெஷினு தப்புன்னே இருக்கட்டும்."

அன்றே திருத்தினேன். ஆனால் சாறில்லை என்று ஆலை எங்கள் கரும்பைத் திருப்பிவிட்டது, பக்கத்துக் கொல்லைக் கரும்பையும்தான். இரண்டும் காய்ந்து அடுப்புக்குப் போயின. "மெஷின நம்பி ஏமாந்துட்டோம்பா" என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார், அதுவரை அதைப் புகழ்ந்த அதே வாயால். நான் அவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அவமானமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

பக்கத்துக் கொல்லைக்காரர் என் தோளைத் தட்டி, "நீ இன்னா பண்ணுவ தம்பி, கெட்ட மெஷினு" என்றார்.

அப்பா காலமான பிறகாவது அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.