இரண்டாம் கியரில் நின்ற வண்டி

எங்கள் பழைய பிக்கப் வண்டியின் கியர் ராடு அப்பாவுக்கு மட்டும்தான் வசப்படும். வேறு யார் பிடித்தாலும் அசையாது. அவர் உள்ளங்கையால் மெல்லத் தட்டி, சற்றே இடப்பக்கம் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினால் ‘கடக்’கென்று விழும். வண்டி கிழடாகிவிட்டது என்பதைத்தான் அது சொல்லிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. உலகத்திலேயே எங்கள் அப்பா ஒருவரால்தான் அந்த வண்டியை ஓட்ட முடியும் என்று ஐந்தாம் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

எனக்குப் பெருமை கொஞ்சம் அதிகம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதை அம்மாவுக்குப் படித்துச் சொல்வது நான். ரேஷன் அட்டையில் எங்கள் பெயர்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதும் நான்.

அப்பாவிடம் எனக்கு ஒரே ஒரு குறைதான். அவரிடம் கார் ஓட்டுகிற லைசென்ஸ் இருந்தது. சுமை வண்டிக்குத் தனியாக ஒன்று வாங்க வேண்டுமாம். அதை அவர் வாங்கவேயில்லை. காக்கிப் பேன்ட் தூரத்தில் தெரிந்தாலே வண்டியைச் சந்துக்குள் திருப்பிவிடுவார். என்றைக்காவது பிடித்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் சோற்றுக்கு என்ன செய்வது என்று அம்மா தினமும் கேட்பாள். “எடுக்கலாம், எடுக்கலாம்” என்பார் அப்பா. சோம்பேறித்தனம் என்று அம்மா முடிவு கட்டியிருந்தாள். நானும் அப்படியே.

அன்று சனிக்கிழமை. அம்மா ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டதால் அப்பா என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். ஒத்தக்கடைப் பக்கம் புது வீடு கட்டுகிற இடத்துக்குச் செங்கல் லோடு. காலை பத்து மணி இருக்கும். மேம்பாலத்தில் பாதி ஏறியபோது வண்டி திணறியது. முதல் கியருக்கு மாற்ற அப்பா கிளட்சை மிதித்து ராடைத் தட்டினார், சாய்த்தார், பல்லைக் கடித்தார். அது இரண்டாம் கியரிலேயே நின்றது. எஞ்சின் இருமிவிட்டு அணைந்தது. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு விலகிப் போயின.

“பாப்பா, எறங்கிக் கட்டயப் போடு.”

சீட்டுக்குக் கீழே இருந்த மரக்கட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி, பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். மேட்டில் வண்டி நின்றால் அதுதான் என் வேலை.

கியர் சிக்கினால் பார்ப்பதற்கு அப்பாவிடம் ஒரு முறை இருந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் போட்டுப் பார்ப்பார். விழுந்துவிட்டால் கோளாறு கிளட்சில். எஞ்சின் ஓடாதபோதும் விழவில்லை என்றால் அடியில், ராடையும் கியர்பெட்டியையும் இணைக்கிற கம்பியில். அன்று எஞ்சின் தானாகவே நின்றிருந்தது. ராடோ சிமென்டில் ஊன்றியதுபோல் இருந்தது. அப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கமாக வண்டிக்கு அடியில் ஊர்ந்து போனார். முன்சக்கரத்துக்குப் பின்னால் அவருடைய இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

ஹேண்ட்பிரேக் பேருக்குத்தான் இருந்தது. அவ்வளவு செங்கல்லையும் அந்தச் சரிவில் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது சிக்கிக்கொண்ட அந்த இரண்டாம் கியர்தான். இது இப்போது எனக்குத் தெரிகிறது. அது விடுபட்டால் வண்டி உருளும் என்பதை அவசரத்தில் அப்பா மறந்துவிட்டார்.

அடியில் டொக் டொக்கென்று தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ‘கடக்’. சரியாகிவிட்டது என்று சிரிக்கப் போனேன். அதே நொடியில் வண்டி பின்னால் நகர்ந்தது. கட்டையில் ஏறி முட்டியது. கட்டை நடுவில் விரிசல் விடுவதை நான் கண்ணால் பார்த்தேன். முன்சக்கரத்துக்கும் அப்பாவின் முழங்காலுக்கும் நடுவே ஒரு சாண் இடம்கூட இல்லை.

கட்டையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன், என் பலத்தில் வண்டி நின்றுவிடும் என்பதுபோல. “அப்பா” என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அப்போதுதான் பாலத்தின் கீழிருந்து பைக்கில் ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் ஏறி வருவது தெரிந்தது. வெள்ளைச் சட்டை, காக்கிப் பேன்ட். கூப்பிட்டால் வண்டி போய்விடும். கூப்பிடாவிட்டால் அப்பாவின் கால் போய்விடும். கட்டை இன்னொரு முறை கிறீச்சிட்டது.

நான் கூப்பிட்டேன். என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. போலீஸ்காரர் பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். எங்கள் லோடிலிருந்தே செங்கல்களை உருவி நான்கு சக்கரத்துக்கும் இரண்டிரண்டாக முட்டுக் கொடுத்தார். ஒரு வண்டி நிறையச் செங்கல்லை வைத்துக்கொண்டு விரிசல் விட்ட கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வகுப்பில் முதல் ரேங்க்.

அப்பாவின் கால்கள் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டன.

“யாருய்யா அடியில? வெளிய வா.”

“மெக்கானிக் சார்” என்று அப்பாவின் குரல் வந்தது. “கைய எடுத்தா கம்பி கழண்டுரும் சார்.”

“டிரைவர் எங்க?”

“சாமான் வாங்க ஒத்தக்கடைக்குப் போயிருக்காரு.”

“அப்ப இது யாரு புள்ள?”

அடியில் ஸ்பேனர் தரையில் உரசியது.

“டிரைவர் புள்ள சார்.”

வண்டி நகர்ந்தபோது வந்த பயம் ஒரு வகை. இது வேறு வகை. அப்பா என்னை யாரோ ஒருவருடைய பிள்ளையாக்கிவிட்டு இருட்டுக்குள் படுத்திருந்தார். போலீஸ்காரர் என்னிடம் குனிந்து, உங்கப்பன் போய் எவ்வளவு நேரமாச்சு என்று கேட்டார். பொய் சொல்லக் கூடாது என்று எங்கள் வகுப்புச் சுவரில் எழுதியிருக்கும். அதில் உதிர்ந்துபோன எழுத்துகளைச் சாக்பீஸால் நிரப்பியவளே நான்தான்.

“வந்துருவாரு” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் அதை வேறு மாதிரிப் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்டார். பள்ளியில் ஆய்வாளர் வந்தால் நிற்பதுபோல் நேராக நின்று சொன்னேன்.

“நல்லாப் படி. நடுரோட்டுல புள்ளைய விட்டுட்டுப் போயிருக்கான் பாரு, உங்கப்பன மாதிரிப் பொறுப்பில்லாம இருந்துறாத.”

அடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது. பிறகு மறுபடியும் தட்ட ஆரம்பித்தது. தட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

டிரைவர் வரட்டும், இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவேன் என்று போலீஸ்காரர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியது. தார் இளகி என் செருப்பில் ஒட்டியது. அந்தத் தாரில் முதுகை வைத்து, சூடான எஞ்சினுக்குக் கீழே அப்பா படுத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒவ்வொரு பஸ் கடக்கும்போதும் பாலம் அதிர்ந்தது; நான் செங்கல்களை எண்ணி எண்ணிப் பார்த்தேன், எட்டு, எட்டு, எட்டு. கடைசியில் போலீஸ்காரருக்கு வாக்கிடாக்கியில் அழைப்பு வந்தது. எழுந்து பைக்கை நிமிர்த்திவிட்டு, வண்டியின் அடிப்பாகத்தைப் பார்த்துப் பேசினார்.

“மெக்கானிக்கு, டிரைவர் வந்தா சொல்லு. அடுத்த தடவ இந்தப் பக்கம் வந்தா லைசென்ஸோட வரணும்னு.”

“சொல்லிர்றேன் சார்.”

அவரை நாங்கள் ஏமாற்றிவிட்டோம் என்றே நான் வெகுகாலம் நம்பினேன்.

அப்பா வெளியே வந்தார். சட்டையின் முதுகுப்பக்கம் தாரோடு தாராக ஒட்டிக் கிழிந்திருந்தது. தோல் சிவந்து கொப்பளித்திருந்தது. தேய்ந்துபோன இணைப்பில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். கியர் வெண்ணெயாக விழுந்தது. ஒத்தக்கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். செங்கல் இறக்கியபின் கேட்டேன், ஏன் என்னை உங்கள் பிள்ளை இல்லை என்று சொன்னீர்கள் என்று.

“டிரைவர் புள்ளன்னுதான சொன்னேன்” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சுமை வண்டி லைசென்ஸ் வாங்க எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று அப்போது ஒரு விதி இருந்தது. பின்னால் அதை எடுத்துவிட்டார்கள். கல்லூரியில் படிக்கும்போது தற்செயலாகத்தான் இது எனக்குத் தெரியவந்தது. அப்பா அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. சோம்பேறி என்ற பெயரே போதும் என்று இருந்துவிட்டார்.

அதற்கு முன்பே, நான் எட்டாம் வகுப்பு முடித்து மதிப்பெண் அட்டையோடு வந்த நாளில், அப்பா வண்டி கழுவிக்கொண்டிருந்தார். கையைக் கைலியில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். எவ்வளவு மார்க் என்று கேட்கவில்லை. எட்டு பாஸ் என்று இதில் எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இனி நீ லாரியே ஓட்டலாம் பாப்பா” என்றார்.

கலெக்டராகப் போகிறவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஈரம் படுகிறது என்று சொல்லி, அட்டையை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.