டெல்லியிலிருந்து வந்த ஹாரன்

அரியலூர் பக்கம் ரெட்டிபாளையம் அய்யாக்கண்ணு முப்பது வருடம் நேஷனல் பர்மிட் லாரி ஓட்டியவர். முந்திரி ஏற்றிக்கொண்டு டெல்லிக்குக் கிளம்பினால் போய்ச் சேர ஆறு நாள் ஆகும். இடுப்பெலும்பு முறிந்து படுத்ததிலிருந்து அவரைக் கவனிக்கத் தினமும் காலையில் நர்ஸாக நான் போகிறேன்.

அன்று இன்சுலின் போட்டுவிட்டு இட்லித் தட்டை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து அவர் மனைவி கமலவேணி, "நர்மதா டெல்லியிலேர்ந்து காலையிலயே கெளம்பிட்டாளாம், உங்களப் பாக்க" என்றார்.

அய்யாக்கண்ணு தட்டைத் தள்ளிவிட்டார். "எம் பொண்ணு வந்து சேரட்டும். அப்புறந்தான் சாப்பாடு."

அது அவர் தொழிலில் வந்த பழக்கம். அவரும் ராஜவேல் என்ற கூட்டாளியும் எப்போதும் இரண்டு வண்டியாகத்தான் போவார்கள். சாப்பாட்டுக் கடைக்கு முதலில் வந்தவர், அடுத்த வண்டியின் ஹாரன் கேட்கும் வரை சாப்பிடக் கூடாது. வயிறு நிறைந்தால் தூக்கம் வரும். வழியில் நின்றுபோன வண்டியைத் தேடித் திரும்பிப் போக முடியாது.

"அவ பிளேன்ல வர்றா. மூணு மணி நேரந்தானாம்" என்றார் கமலவேணி.

"போடி. பிளேன்னா ரெண்டு நாளு கொறையும். டெல்லி என்ன பக்கத்துல இருக்கற குரும்பலூரா?"

அரை மணி நேரத்தில் அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. விரல்கள் நடுங்கின. சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஊசி மருந்து உள்ள போயிடுச்சு. இப்ப சாப்புடலன்னா மயங்கிடுவீங்க" என்று சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டியில் எடுத்தேன். வாயை இறுக மூடிக்கொண்டார். கமலவேணி மகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார். போன் அணைந்தே கிடந்தது.

பிறகு அதுவாக அடித்தது. "அம்மா, சென்னையில எறங்கிட்டேன்."

நான் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு, "ஒங்கப்பா சாப்புட மாட்டேங்கறாரு. ஹாரன் அடி" என்றேன்.

 விமான நிலையக் கூட்டத்தின் நடுவே, சின்ன வயதில் கேட்டுப் பழகிய அந்த ஹாரனை நர்மதா வாயாலேயே அடித்தாள். "பாம்... பாம்பாம்!" பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

அய்யாக்கண்ணு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். "விடிஞ்சு எந்திரிச்சப்ப டெல்லியில இருந்த புள்ளயா?" வாய் தானாகப் பிளந்தது. கரண்டியை உள்ளே விட்டேன்.

விழுங்கிவிட்டு, "நம்ம லாரி போன நாக்பூர் ரோடு தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்டார்.

"வெறும் மேகந்தாம்ப்பா. எறங்குறப்ப ரோடு தெரிஞ்சுது, நூலாட்டம்."

இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் தூரம். அதை ஒரு காலைப் பொழுதில் தாண்டி வந்தவள் போனில் இருந்தாள். அதையே லாரியில் டயர் தேயத் தேயக் கடந்தவர் என் முன்னால் கிடந்தார். இரண்டில் எது பெரிய அதிசயம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 

"அந்த நூலு மேலதான் ஓடியிருக்கேன் நர்சம்மா" என்று இட்லியைப் பிட்டார். கை நடுக்கம் குறையத் தொடங்கியிருந்தது. "சாம்பார் ஊத்துங்க. அவ அரியலூர் வர்றப்ப நான் ஒக்காந்திருக்கணும்."