மெட்ராஸ் அப்பா

சித்தூரில் எங்களுக்குப் பள்ளிக்கூடப் படிப்பெல்லாம் தெலுங்குதான். தமிழ் எழுத்தை நான் கற்றது சர்ச்சில், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில். அதனால் என் முதல் கதைகளில் எல்லோரும் வேதாகமம் போலவே பேசினார்கள். மெட்ராஸ் பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. சரி என்று வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதினேன். அதுவும் திரும்பி வந்தது. ‘கொச்சை’ என்று ஓரத்தில் யாரோ கிறுக்கியிருந்தார். எங்கள் வாய் அந்த மகராசனுக்குக் கொச்சை!

கடைசியில் ஒரு கதை அச்சாகி வந்தபோது நைனா படுத்த படுக்கையாக இருந்தார். ரேணிகுண்டா பட்டறைத் தூசியை வருஷக்கணக்கில் விழுங்கி நெஞ்சு கெட்டுப்போன மனிதர். தமிழ் படிக்கத் தெரியாது. கதை அவரைப் பற்றியதுதான். கட்டிலருகே உட்கார்ந்து வாசித்தேன். நான் நைனா என்று எழுதிய இடமெல்லாம் அப்பா என்று மாற்றியிருந்தார்கள். வயிறு எரிந்தது. ஆனாலும் அச்சில் இருப்பதை மாற்றி வாசிக்க எனக்கு வரவில்லை. வேதம் வாசித்துப் பழகிய நாக்கு.

முடித்ததும் நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாவம்மா அந்த அப்பா. மெட்ராஸ்ல யாரு வூட்டு ஆளு?”

நான் பத்திரிகையை மடித்து வைத்தேன்.

“நல்லா எழுதிக்கினு கீற. வுட்றாத,” என்றார்.

அடுத்த கதையில் நைனா என்றே எழுதி, மாற்றுவதானால் போடவே வேண்டாம் என்று சண்டைக்காரி மாதிரி குறிப்பும் வைத்து அனுப்பினேன். ஒரு எழுத்துகூட மாற்றாமல் போட்டார்கள்.

வாசித்துக் காட்ட நைனா இல்லை.